இடது காலும் இரண்டு ஆப்பும்

நெல் வரத்து கூடும் மாதங்களில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு வெளியே டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். மூட்டை அடுக்கிய டிரெய்லரோடு பத்தடி நகரும், நிற்கும், மறுபடி பத்தடி நகரும். அந்த வரிசையை ஒட்டி நடந்து போனால், அடுத்த வாரம் எந்த வண்டி என் பட்டறைக்கு வரும் என்று சொல்லிவிடுவேன். அதற்கு மூக்கு போதும். கிளட்ச் லைனிங் கருகும் வாடை தனி வாடை. தார் காய்ச்சும் இடத்தில் யாரோ தலைமுடியைக் கொளுத்திப் போட்டதுபோல் இருக்கும். ஒரு தடவை மோந்தவனுக்கு அது மறக்காது.

முப்பத்தெட்டு வருஷமாக டிராக்டர் கிளட்ச் வேலை பார்க்கிறேன். இன்ஜின் வேலையும் ஹைட்ராலிக் வேலையும் தெரியும். ஆனாலும் சுற்றுவட்டாரத்தில் என்னைக் ‘கிளட்ச் மேஸ்திரி’ என்றுதான் சொல்வார்கள். பட்டறை திருவண்ணாமலை சாலையில். பின்பக்கத் தகரக் கதவைத் திறந்தால் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை தெரியும். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, தமிழ்நாட்டில் இருந்து அதில் சேர்ந்த ஒரே கோட்டை எங்கள் செஞ்சி. வெளியூர்க்காரர்கள் அந்த மலையைப் பார்த்தால் கோட்டை மதிலைப் பார்ப்பார்கள். எனக்கு முதலில் கண்ணில் படுவது, யாரோ கொட்டி வைத்ததுபோல் சரிவு முழுக்கக் கிடக்கும் உருண்டைக் கற்கள்தான். என் பிழைப்பில் பாதி அந்தக் கற்களால் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிளட்ச் என்றால் என்ன என்பதை என் குருநாதர் இரண்டு எவர்சில்வர் தட்டையும் ஒரு சாக்குத் துண்டையும் வைத்துச் சொல்லிக்கொடுத்தார். அப்போது எனக்குப் பதினாறு வயசு. மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கழுவி வைத்த தட்டுகள் அவை. சாக்குத் துண்டை நடுவில் வைத்து, இரண்டு தட்டையும் என் உள்ளங்கைகளால் இறுக்கிப் பிடித்துத் திருப்பச் சொன்னார். தட்டோடு சேர்ந்து சாக்கும் திரும்பியது. “இப்ப கையைக் கொஞ்சம் தளத்து.” தளர்த்தினேன். தட்டு திரும்பியது, சாக்கு நின்ற இடத்திலேயே நின்றது. “இப்ப இறுக்கியும் இறுக்காம, பாதி புடிச்சுக்கிட்டே வேகமா திருப்பு.” திருப்பினேன். உள்ளங்கை சூடானது. “அவ்ளோதான்டா தம்பி. அந்தச் சூட்டுலதான் நம்ம அடுப்பு எரியுது.”

ஒரு தட்டு ஃப்ளைவீல், இன்னொன்று பிரஷர் பிளேட், நடுவில் சாக்கு இருந்த இடத்தில் கிளட்ச் பிளேட். ஸ்பிரிங்குகள் இறுக்கிப் பிடித்திருக்கும். பெடலை மிதித்தால் ரிலீஸ் பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் நெம்புகளான ஃபிங்கர்களைத் தள்ளும், பிடி விடும். இறுகப் பிடித்தாலும் தேயாது, முழுக்க விட்டாலும் தேயாது. பாதி பிடித்தும் பாதி விட்டும் இருக்கும் அந்த நடு நிலையில்தான் எல்லாத் தேய்மானமும் நடக்கிறது. நெல் மண்டி வரிசையில் ஊர்ந்துபோகும் வண்டி காலையில் இருந்து சாயங்காலம் வரை அந்த நடு நிலையில்தான் இருக்கிறது.

பல டிராக்டர்களில் இரட்டைக் கிளட்ச். கார் மெக்கானிக் முதல் தடவை திறந்து பார்த்தால் திகைத்துப்போவார். ஒரே கூட்டுக்குள் இரண்டு பிளேட். ஒன்று சக்கரத்துக்கு, ஒன்று பின்னால் மாட்டும் கருவிகளைச் சுற்றவைக்கும் பி.டி.ஓ. தண்டுக்கு. பெடலைப் பாதி மிதித்தால் வண்டி நிற்கும், ரொட்டவேட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும். முழுக்க மிதித்தால் அதுவும் நின்றுவிடும். 1950-களில் ஃபெர்குசன் 35 வண்டியிலேயே வந்துவிட்ட ஏற்பாடு இது. அந்த வம்சத்தில்தான், 1960-ல் சென்னையில் தொடங்கிய டாஃபே கம்பெனியின் மாசி ஃபெர்குசன் வண்டிகள் எங்கள் ஊருக்கு வந்தன. இன்றும் இங்கே பழைய ஆட்கள் எந்த டிராக்டரையும் ‘மாசி’ என்றுதான் சொல்வார்கள். சேடை ஓட்டும்போது கழனி மூலையில் திரும்பிப் பாருங்கள், இந்தப் பாதி மிதியின் அருமை தெரியும். பி.டி.ஓ. நிமிஷத்துக்கு 540 சுற்றில் ஓடிக்கொண்டிருக்க, வண்டியை மட்டும் நிறுத்திப் பின்னால் எடுத்துத் திருப்பலாம். ஆனால் அந்தப் பாதிக்கும் முழுசுக்கும் நடுவில் எங்கே நிறுத்துவது என்பது காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணால் பார்த்து மிதிக்கிற விஷயமா அது?

நான் முதல் முதலாகத் தனியாக டிராக்டரைப் பிளந்த நாளைச் சொல்ல வேண்டும். காரில் கியர்பாக்ஸை இறக்கினால் கிளட்ச் கைக்கு வந்துவிடும். டிராக்டரில் அப்படி இல்லை. அதற்குத் தனியாகச் சேஸிஸ் சட்டம் கிடையாது. இன்ஜினும் கியர்பாக்ஸும் பின் அச்சும் ஒன்றோடு ஒன்று போல்ட்டால் இறுகி, அதுவே முதுகெலும்பாக நிற்கும். கிளட்ச் மாற்ற வேண்டுமென்றால் அந்த முதுகெலும்பை நடுவில் பிரித்து, முன்பாதியை ஒரு பக்கமும் பின்பாதியை ஒரு பக்கமும் தள்ள வேண்டும். ‘வண்டியைப் பிளக்கிறோம்’ என்றுதான் சொல்வோம்.

குருநாதர் அன்று மேல்மலையனூருக்குப் போயிருந்தார், அமாவாசை. வல்லம் பக்கத்தில் இருந்து ஒருவர் அவசரம் என்று வண்டியைக் கொண்டுவந்து விட்டார். எனக்கு இருபது வயசு, வேலை தெரிந்துவிட்டது என்ற நினைப்பு. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி கொடுத்தேன், கியர்பாக்ஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்தேன், போல்ட்டுகளைக் கழற்றினேன். ஒன்றை விட்டுவிட்டேன். டிராக்டரின் முன் அச்சு நடுவில் ஒரே பின்னில் ஊஞ்சல் மாதிரித் தொங்குகிறது. மேடு பள்ளத்தில் சக்கரங்கள் ஏறி இறங்க அந்த ஆட்டம் வேண்டும். பின்பாதி சேர்ந்திருக்கும் வரைக்கும் இன்ஜின் சாயாது. பிரித்துவிட்டால், ஒற்றை ஜாக்கி மேல் நிற்கும் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் பிடிமானமே இல்லை. அதனால் பிரிப்பதற்கு முன்பு, அச்சுக்கும் அதன் தாங்கிக்கும் இடையே இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து அந்த ஆட்டத்தைப் பூட்டிவிட வேண்டும். நான் அடிக்கவில்லை. கடைசி போல்ட் வந்ததும் இன்ஜின் இடது பக்கமாக மெதுவாகச் சாய்ந்தது. மெதுவாக என்றுதான் எனக்கு ஞாபகம். என் மோதிர விரல் ஹவுசிங் விளிம்புக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் மாட்டியது. அந்த விரலின் நுனி இன்றைக்கும் மடங்காது.

சாயங்காலம் குருநாதர் வந்து கையைப் பார்த்தார். திட்டவில்லை. பட்டறை மூலையில் கிடந்த வேலங்கட்டையை எடுத்து, அறுத்து, இரண்டு ஆப்பு செதுக்கினார். ஒவ்வொன்றிலும் ஆணியால் என் பெயரின் முதல் எழுத்தைக் கீறி என்னிடம் கொடுத்தார். அந்த ஆப்புகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அன்றில் இருந்து அவற்றை அடிக்காமல் நான் எந்த வண்டியையும் பிளந்ததில்லை.

பிளந்த பிறகு நான் முதலில் செய்வது ஒன்றுமே செய்யாமல் பார்ப்பது. புது பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பையன்கள் அவசரப்படுவார்கள். பழையது ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போட்டால், அதுவும் அதே வழியில் போகும். லைனிங் கண்ணாடிபோல் பளபளத்திருந்தால் பாதி மிதியில் நிறைய ஓடியிருக்கிறது. ஃப்ளைவீல் முகத்தில் மயில்கழுத்து நிறம் பாய்ந்திருந்தால் சூடு 300 டிகிரி அளவுக்குப் போயிருக்கிறது. கூடவே முடிபோல மெல்லிய வெடிப்புகள் இருக்கும், அதை லேத்தில் கொடுத்து முகம் எடுக்காமல் புது பிளேட்டைத் தொடவே கூடாது. பிளேட் கருத்து ஈரமாக இருந்தால் ஆயில் இறங்கியிருக்கிறது. எந்த ஆயில்? விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்ப்பேன். கருப்பாக, நீர்த்து, புகை வாடையோடு இருந்தால் இன்ஜின் ஆயில், கிராங்க் பின்பக்கச் சீல் போயிருக்கிறது. வழவழவென்று கெட்டியாக, கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில், அந்தப் பக்கத்துச் சீல். இரண்டு சீலும் கிளட்ச்சை விட மலிவானவை. அவற்றை விட்டுவிட்டுப் பிளேட்டை மட்டும் மாற்றிய வண்டிகள் ஆறு மாதத்தில் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி அந்தக் கற்களுக்கு வருகிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் புரியவே இல்லை. ஆற்றோர, ஏரியோர நெல் கழனிகளில் ஓடும் வண்டிகளில் பிளேட் தேய்ந்து வரும், ரிலீஸ் பேரிங் நன்றாக இருக்கும். மலையடி மானாவாரி நிலங்களில், மல்லாட்டை போடும் செம்மண்ணில் ஓடும் வண்டிகளில் அப்படியே தலைகீழ். பிளேட்டில் லைனிங் மிச்சம் இருக்கும், ஆனால் பேரிங் காய்ந்து, நீலம் பாய்ந்து, ஃபிங்கர் நுனிகள் உளியால் வெட்டியதுபோல் பள்ளம் விழுந்திருக்கும். நிலம் வறண்டதுதானே, பாரம் குறைவுதானே, பேரிங் ஏன் போகிறது?

ஒருநாள் பாக்கம் மலைப் பக்கம் ஒரு வண்டியைப் பார்க்கப் போனபோது, ஓட்டுகிறவர் பக்கத்தில் மட்கார்டு மேல் உட்கார்ந்து இரண்டு சுற்று சுற்றினேன். வயசானவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய இடது கால் பெடல் மேலேயே இருந்தது. மிதிக்கவில்லை, சும்மா வைத்திருந்தார்.

“மாமா, காலை எடுத்துக் கீழ வைங்க. பேரிங் போவுது.”

“எப்படிடா எடுக்கிறது? உள்ள எந்த எடத்துல கல்லு கெடக்குதுன்னு யாருக்குத் தெரியும்? கலப்பை மாட்டுன ஒடனே மிதிக்கணும். கீழ வச்சுட்டு மேல தூக்குறதுக்குள்ள கொத்து ஒடஞ்சுடும்.”

அவர் சொன்னது நியாயம். எங்கள் மலைச்சரிவுகளில் வெளியே கிடக்கும் கற்கள் மாதிரியே மண்ணுக்குள்ளும் புதைந்து கிடக்கின்றன. கலப்பை கொத்து கல்லில் மாட்டினால் ஒன்று கொத்து வளையும், இல்லை முன் சக்கரம் தூக்கும். அந்தப் பயம்தான் அவருடைய காலைப் பெடல் மேல் வைத்திருக்கிறது. காலின் கனம் கொஞ்சமாக இருந்தாலும் பேரிங் ஃபிங்கரைத் தொட்டபடியே சுற்றும். இன்ஜின் ஓடும் நேரமெல்லாம் அதுவும் ஓடும். சில விநாடிகள் மட்டும் வேலை செய்வதற்காகப் போட்ட பேரிங், முழு நாளும் சுற்றினால் எப்படித் தாங்கும்?

அன்றில் இருந்து ஓட்டுகிறவரைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். மலையடி வண்டிகளுக்குப் பெடல் ஃப்ரீ பிளேயைக் கம்பெனி சொன்ன அளவின் மேல் எல்லையில் வைக்கிறேன். பெடல் முதலில் வெறுமனே இறங்கும் தூரம் அது. நான் பார்க்கும் வண்டிகளில் ஏறக்குறைய ஒரு அங்குலம். பெடலைத் தூக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கட்டாயம் மாற்றுவேன். காலின் கனத்தை அந்த ஸ்பிரிங்காவது கொஞ்சம் தாங்கும். மாதம் ஒரு தடவை ஃப்ரீ பிளேயைக் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பேன். லைனிங் தேயத் தேய அந்த இடைவெளி குறைந்துகொண்டே வரும் என்பது பலருக்குத் தெரியாது. ஒன்றுமே இல்லாமல் போனால், யாரும் மிதிக்காமலே கிளட்ச் பாதி மிதித்த நிலைக்கு வந்துவிடும்.

லைனிங் அடிக்கும் வேலை இப்போது ஏறக்குறைய நின்றுவிட்டது. நான் கற்றுக்கொண்ட காலத்தில் பிளேட்டைத் தூக்கிப்போட மாட்டோம். பழைய ரிவிட்டை டிரில் போட்டு எடுத்து, பிளேட் கோணியிருக்கிறதா என்று பார்த்து, நடு ஸ்பிரிங்குகள் ஆடுகின்றனவா என்று விரலால் அசைத்துப் பார்த்து, புது லைனிங்கை வைத்து ஒன்றுக்கு எதிர் ஒன்றாக ரிவிட் அடிப்போம். ரிவிட் தலை லைனிங் முகத்துக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். மேலே நின்றால் ஃப்ளைவீலில் கோடு கிழித்துவிடும். ஒரு பிளேட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கை ஒரு தாளத்தில் விழும். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது. ஆனாலும் அது நின்றதற்காக நான் வருத்தப்பட மாட்டேன். அன்றைய லைனிங்கில் இருந்தது கல்நார், ஆஸ்பெஸ்டாஸ். வண்டியைப் பிளந்ததும் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தூளை வாயால் ஊதுவோம். கம்ப்ரஸர் வந்த பிறகு காற்று அடித்தோம். பட்டறை முழுக்கப் புகையாக எழும்பும், அதே இடத்தில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அந்தத் தூள் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துக்கூட நோயாக வரும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. இன்று என் பட்டறையில் கிளட்ச் கூட்டுக்குள் காற்று அடிக்க யாருக்கும் அனுமதி இல்லை. ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைக் கவரில் கட்டித்தான் போட வேண்டும். பெட்டியில் ‘கல்நார் இல்லாதது’ என்று எழுதியிருந்தாலும் இதே விதிதான். பெட்டியில் எழுதியதை எல்லாம் நம்பி வேலை செய்யும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

இப்போது சில வண்டிகளில் லைனிங்குக்குப் பதில் செம்பு கலந்த செராமெட்டாலிக் பட்டன்கள் வருகின்றன. சூட்டை நன்றாகத் தாங்குகின்றன. ஆனால் வெடுக்கென்று பிடிக்கும், எதிரே இருக்கும் ஃப்ளைவீலைச் சீக்கிரம் தின்னும். எந்த வண்டிக்கு எது வந்ததோ அதையே போடுவது நல்லது.

இரண்டு வருஷம் முன்பு கடற்கரைப் பக்கம் வைத்திருந்த ஏடிவி ஒன்றை ஒருவர் மினி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மணலில் ஓடும் தடித்த டயர் நாலு சக்கர வண்டி. ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை என்றார். நான் அதுவரை அந்த வண்டியைத் திறந்ததில்லை. பக்கத்து மூடியைக் கழற்றியதும் சிரித்துவிட்டேன், பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல. உள்ளே இருந்தது எங்கள் ஊர் டிவிஎஸ் எக்ஸ்எல் வண்டியின் கிளட்ச்சுக்கு அண்ணன். 1980-ல் ஓசூரில் இருந்து டிவிஎஸ் 50 வந்த நாளில் இருந்து, புல்லுக்கட்டும் பால்கேனும் உர மூட்டையும் ஏற்றிக்கொண்டு எங்கள் வரப்பில் ஓடும் வண்டிக்குக் கிளட்ச் லீவர் கிடையாது. சுற்றும் வேகத்தில் கட்டைகள் வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மைப் பிடிக்கும், வேகம் குறைந்தால் ஸ்பிரிங் இழுத்துக்கொள்ளும். ராட்டினத்தில் உட்கார்ந்தவனை வெளியே தள்ளுகிற அதே விசை. அந்த ஏடிவியில் கட்டைகளின் லைனிங் உலோகம் வரை தேய்ந்து டிரம்மைக் கீறியிருந்தது. டிரம்மை லேத்தில் சரி செய்து, கட்டையும் ஸ்பிரிங்கும் புதிதாகப் போட்டுக் கொடுத்தோம். மணலில் சக்கரம் புதைந்து நிற்கும்போது ஆக்ஸிலேட்டரைத் திருகிக்கொண்டே இருக்கக் கூடாது, இறங்கித் தள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதுவும் பாதிப் பிடிதான்; காலுக்குப் பதில் கை.

டிராக்டரில் பிளேட்டைத் திரும்ப ஏற்றும்போது டம்மி ஷாஃப்ட் விட்டு நடுவாக்குவோம். முடித்த பிறகு ஃபிங்கர்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும். ஒன்று பத்து தவ், அதாவது அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு, தூக்கலாக இருந்தாலும் வண்டி எடுக்கும்போது நடுங்கும். ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பேரிங்கை, நன்றாக இருந்தாலும் நான் மாற்றிவிடுவேன். ஒரு தடவை சில்லறைக் காசை மிச்சம் பிடிக்கலாம் என்று வண்டிக்காரர் கேட்டுக்கொண்டதால் பழையதையே விட்டேன். மூன்றாம் மாதம் அது இறுகிப்போய், கிளட்ச் மிதித்தும் கியர் விழாமல் வண்டி திரும்பி வந்தது. அந்த இரண்டாவது பிளப்புக்கு நான் கூலி வாங்கவில்லை.

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்களுக்குத் தென்கிழக்கே மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. செஞ்சியிலும் ஏரிகள் நிரம்பி வழிந்தன, சங்கராபரணி கரை புரண்டது. களத்திலும் கழனி ஓரத்திலும் நின்ற டிராக்டர்களில் தண்ணீர் பெல் ஹவுசிங் மட்டத்துக்கு மேல் ஏறியது. அந்தக் கூட்டுக்கு அடியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். உள்ளே கசியும் ஆயிலும் தண்ணீரும் வெளியே வடிவதற்காக வைத்தது. மாசி மாதிரி வண்டிகளில் அந்த ஓட்டையில் ஒரு ஸ்பிளிட் பின் தொங்கும். வண்டி ஓடும்போது அது ஆடி ஆடி ஓட்டையை அடைக்க விடாது. வெள்ளத்தில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் உள்ளே போனது. தண்ணீர் வடிந்தபோது சேறு அடைத்து, ஈரம் உள்ளேயே தங்கியது.

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் இருந்து ஃபோன் வந்துகொண்டே இருந்தது. எல்லோரும் ஒரே விஷயத்தைச் சொன்னார்கள். “மேஸ்திரி, கிளட்ச் மிதிச்சா கியர் விழல, நறநறங்குது.” பிளேட் துருவோடு ஃப்ளைவீலில் ஒட்டிக்கொண்டிருந்தது. பெடலை மிதித்தாலும் ஒட்டியது விடவில்லை. பதினோரு வண்டிகளுக்குப் போனேன். முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்ப்பேன். ஆயில் பால்காபி நிறத்தில் இருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது, தண்ணீர் இன்ஜினுக்குள் போயிருக்கிறது. ஆயில் சுத்தமாக இருந்த வண்டிகளில் அடி ஓட்டையைக் கம்பியால் குத்தித் திறந்தேன். செம்மண் தண்ணீர் கஞ்சியாக வடிந்தது. பிறகு எதிரே ஆளோ மாடோ இல்லாத வெட்டவெளிக்கு இழுத்துப்போய், பெடலை முழுக்க மிதித்தபடி மேல் கியரில் போட்டு ஸ்டார்ட் செய்து, இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, விட்டு விட்டு இழுத்தேன். ஏழு வண்டிகளில் ‘டப்’ என்று ஒரு சத்தத்தோடு ஒட்டியது விட்டது. மற்ற நாலையும் பிளக்க வேண்டியிருந்தது. அவற்றில் ஒன்று, அந்தப் போகத்துக்குக் கடன் வாங்கி ரொட்டவேட்டர் எடுத்திருந்த ஒரு அம்மாவுடையது. அவருடைய மகன்தான் ஓட்டுகிறான். நான் போல்ட்டுகளைக் கழற்றும் வரை அவர் களத்து மேட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பிளேட்டை எடுத்துக் காட்டினேன். துரு ஏறிய பக்கத்தில் ஃப்ளைவீலின் வட்டம் அச்சு அடித்ததுபோல் பதிந்திருந்தது. “இதுக்கு முன்னாலயே எதுனா பண்ணியிருந்தா தப்பிச்சிருக்குமா?” என்று கேட்டார்.

தப்பித்திருக்கும். மழைக்காலத்தில் வண்டி சும்மா நிற்கும்போது பெடலை மிதித்து, மிதித்த நிலையிலேயே ஒரு கட்டையைக் கொடுத்து நிறுத்திவிட்டால் பிளேட்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் இடைவெளி விழும். ஈரம் வந்தாலும் ஒட்டாது. சில கம்பெனி வண்டிகளில் அதற்கென்றே கொக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு இது தெரியும். ஆனால் முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு வண்டிக்காரரிடமாவது அதைச் சொல்லியிருந்தேனா என்று யோசித்தேன். சொன்ன ஞாபகம் இல்லை. வேலை வந்தால் செய்தேன், அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பொங்கல் முடிந்ததும் மரவாடிக்குப் போய் வேலங்கட்டை வாங்கி வந்தேன். இப்போது பட்டறையில் இருந்து கிளட்ச் வேலை முடிந்து போகும் ஒவ்வொரு வண்டியோடும் பெடலுக்கு ஒரு கட்டை போகிறது, அந்த வண்டியின் பெடல் உயரத்துக்கு அளந்து அறுத்தது. ஓட்டுகிறவரை உட்காரவைத்து, மிதிக்கச் சொல்லி, கட்டையை எப்படிக் கொடுப்பது என்று காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்கிறேன். போன ஐப்பசியில் அந்த அம்மாவின் களத்துப் பக்கம் போனேன். மகன் ஊரில் இல்லை. வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். பெடல் கீழே இறங்கியிருந்தது. நான் கொடுத்த கட்டை நழுவாமல் இருக்க, மேலே ஒரு பழைய சேலைத் துணியைக் கிழித்து இரண்டு சுற்று சுற்றிக் கட்டியிருந்தார்.